நாற்பத்தொன்றாம் பக்கம்

அப்பாவின் மார்பின் மேல் வைத்திருந்த புத்தகத்தை மகள் எடுத்துக்கொண்டு போய், வாசல் பெஞ்சுக்கு அடியில் செருப்புகளோடு போட்டாள். துக்கத்துக்கு வந்து கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். புத்தகத்தை வைத்தவர் பழைய ஸ்டேஷன் மாஸ்டர். அதை எழுதியவரும் அவரே. ஊர் ரயில் நிலையத்துக்கு நூறு வயதானதையொட்டிப் போன மாதம் வெளிவந்த வரலாறு. மாலை போதாதென்று இதையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாளாவது சும்மா இரேன்," என்றான் தம்பி. பெரிய மனுஷர் வீடு தேடி வந்திருக்கிறார், நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று காதோரம் அடுக்கினான். முப்பத்தாறு வருஷமாக இந்த வீட்டில் எல்லோரும் சும்மாதான் இருந்தார்கள்.

புத்தகத்தில் இல்லாதது இல்லை. முதல் எஞ்சின் வந்து நின்ற நாள், தண்ணீர்த் தொட்டி கட்டிய மேஸ்திரி, நடைமேடை மரத்தில் இடி விழுந்த கதை. மாஸ்டர் வாங்கிய பதக்கத்துக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். அப்பாவுக்கு ஒரே ஒரு வரி, நாற்பத்தொன்றாம் பக்கத்தில்: 'பாயிண்ட்ஸ்மேன் ஒருவரின் கவனக்குறைவால் நேர்ந்த அவ்விபத்தில் ஒன்பது பேர் உயிரிழந்தனர்.' பெயர் போடவில்லை. ஊருக்கே தெரிந்த பெயரை எதற்குப் போட வேண்டும்?

வண்டி ஸ்டேஷனைத் தாண்டும்போது கடைசிப் பெட்டியின் பின்னால், பகலென்றால் பலகை, இருட்டென்றால் சிவப்பு விளக்கு இருக்கிறதா என்று பார்ப்பது பாயிண்ட்ஸ்மேனான அப்பாவின் வேலை. இருந்தால் வண்டி முழுசாக வந்துவிட்டது. இல்லையென்றால் வழியில் எங்கோ சில பெட்டிகள் கழன்று நிற்கின்றன. அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான், பாதை காலி, அடுத்த வண்டியை அனுப்பலாம் என்று முந்தைய ஸ்டேஷனுக்கு மாஸ்டர் போன் செய்ய வேண்டும். முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால், விபத்து நடந்த அன்று சாயங்காலம் நல்ல மழை. சரக்கு ரயிலின் பின்னால் விளக்கு இல்லை என்று கண்டதும் அப்பா நடைமேடைக் கோடியிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தார். அதற்குள், சத்தம் ஓய்ந்ததை மட்டும் கேட்டுவிட்டு, உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல் மாஸ்டர் போனில் சொல்லி முடித்திருந்தார். பின்னால் வந்த பயணிகள் ரயில், கழன்று நின்ற பெட்டிகளில் மோதியது.

வண்டி முழுசாக வந்துவிட்டதென்று பாயிண்ட்ஸ்மேன் பச்சை விளக்குக் காட்டினான் என விசாரணையில் மாஸ்டர் சொன்னார். மாஸ்டர் சொன்னால் கேட்க மாட்டார்களா? பதவி இறக்கப்பட்ட அப்பா, மீதி வேலைக்காலமெல்லாம் ஸ்டேஷனில் விளக்குத் துடைத்தார்.

கண் மங்கிப்போன அப்பாவுக்கு மகள்தான் புத்தகத்தைப் படித்துக் காட்டினாள். நாற்பதாம் பக்கம் முடிந்ததும் நைசாக நாற்பத்திரண்டுக்குப் போனாள். "ஒரு பக்கம் தாண்டிட்டியேம்மா," என்றார். படிக்க வைத்துக் கேட்டார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பாட்டையும் பாதியாக்கிக்கொண்டார். பன்னிரண்டாம் நாள் போய்விட்டார். வயது எண்பத்துமூன்று, அதனால் முதுமை என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். அந்தக் காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழிக்க வேண்டும் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது.

பிற்பகலில் சுடுகாட்டுக்கு அமரர் ஊர்தி கிளம்பியது. மகள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கூட்டம் நடந்து வந்தது. மாஸ்டர், துக்கத்துக்கே தலைமை தாங்க வந்தவர் போல எல்லோருக்கும் முன்னால் நடந்தார். லெவல் கிராசிங்கில் கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. மாஸ்டர் தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இந்த கேட் எந்த வருஷம் போட்டது என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சத்தம் ஓய்ந்தது.

"போயாச்சுல்ல, திறப்பா. எவ்வளவு நேரம் வெயில்ல நிக்கிறது?" என்றார், திரும்பாமலே.

மகள் வண்டியிலிருந்து இறங்கினாள். கேட்கீப்பரிடம் போய், "கடைசிப் பெட்டியப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"பாத்தேங்க. பலகை இருந்துச்சு."

மாஸ்டர் பக்கம் திரும்பினாள். "நீங்க பாத்தீங்களா ஐயா?"

"அதான் வண்டி போயிருச்சேம்மா."

"வண்டி போச்சான்னு கேக்கல. கடைசிப் பெட்டியப் பாத்தீங்களா?"

தம்பி அவள் கையைப் பிடிக்க வந்தான். என்ன தோன்றியதோ, பாதியில் நின்றுவிட்டான். மாஸ்டர் இப்போதுதான் தண்டவாளத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. சட்டைக் காலரை விரலால் தளர்த்திக்கொண்டார்.

"பாக்கல," என்றார்.

"அன்னிக்கு?"

அவர் கூட்டத்தைப் பார்த்தார். யாரும் அவளைச் சும்மா இருக்கச் சொல்லவில்லை.

கேட் உயர்ந்தது. அவள் ஏறிக்கொண்டதும் வண்டி தண்டவாளத்தைக் கடந்து, கொஞ்சம் தள்ளி நின்றது. பின்பக்கக் கண்ணாடி வழியாக, வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாகத் தம்பி தாண்டி வந்தான். மாஸ்டர் அந்தப் பக்கமே நின்றிருந்தார். கேட் இறங்கியது.

"போலாம்," என்றாள் டிரைவரிடம்.