மாதிரிப் பயனருக்காக வேண்டிக்கொண்டவர்கள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. என் அண்ணன் மகள் கைப்பேசிச் செயலிகளை வடிவமைக்கிறவள். திரையில் எது எங்கே இருக்க வேண்டும், எதை அழுத்தினால் எது திறக்க வேண்டும் என்று வரைந்து கொடுப்பது அவள் பிழைப்பு. அவள் போகும் வழிபாட்டுக் கூடத்தின் இளைஞர்களை ஒன்றுசேர்க்க ஒரு செயலி செய்துகொண்டிருந்தாள். ஒரு நாள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"அத்தை, நீங்க எழுதுறவங்கதானே? சும்மாதானே இருக்கீங்க, இதுல எழுத்துப்பிழை இருக்கானு பாருங்க."

எழுதுகிறவள் என்றால் சும்மா இருக்கிறவள் என்று எங்கள் வீட்டில் முடிவாகிப் பல காலம் ஆகிறது. வாங்கிப் பார்த்தேன். 'வேண்டுதல்கள்' என்ற பக்கத்தில் 'மாதிரிப் பயனர்' என்ற பெயரில் யாரோ ஏதோ எழுதியிருந்தார்கள்.

"யாருடி இது?"

"யாரும் இல்ல அத்தை. பெட்டிக்குள்ள எழுத்து சரியா உக்காருதானு பாக்க நாங்களே போட்டது. வெளியிடுறதுக்கு முன்னாடி அழிச்சிடுவோம்."

சொன்னபடி அழித்தும்விட்டாள். பொறுப்பான பெண். ஆனால் அழிக்க மறந்திருந்தால்? அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

2

எப்படித் தொடங்குவது?

'அந்த ஊருக்கு அவள் புதியவள். அன்று மழை' — வேண்டாம். ஆயிரம் கதை இந்த மழையில் நனைந்துவிட்டது.

'கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவே ஒரு திரை உண்டு, அது இப்போது தொடுதிரையாகி' — ஐயோ, இதை எழுதிய கையை உடைக்க வேண்டும். மேடைப் பேச்சாளர் யாராவது எடுத்துக்கொள்ளட்டும், இலவசம்.

நேராகச் சொல்கிறேன். அவளை எல்லோரும் 'கட்டம்' என்று கூப்பிடுவார்கள். கையில் பேனா கிடைத்தால் போதும், பில்லின் பின்பக்கத்தில்கூடத் திரை வரைந்து கட்டம் கட்டமாகப் பிரித்துவிடுவாள். வேலை சொதப்பும் நாளில் 'இன்னிக்குக் கட்டத்துக்குக் கட்டம் சரியில்ல' என்று அலுவலகத்தில் கேலி ஓடும். (இதைப் படிக்கும் என் அண்ணிக்கு: இது உங்கள் மகள் இல்லை. சத்தியமாக இல்லை.)

வேலை கிடைத்து வெளியூரிலிருந்து வந்தவள். வாராவாரம் கூடத்துக்குப் போவாள்.* பிரார்த்தனை நேரத்தில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது யார் தனி, யார் கூட்டம் என்று தெரியாதல்லவா? முடிந்த பிறகுதான் வம்பு. நாலைந்து பேராக நின்று பேசுவார்கள். இவள் பையைத் திறந்து வண்டிச் சாவியைத் தேடுவாள். சாவி கையிலேயே இருக்கும். யாராவது பார்த்துச் சிரிப்பார்கள், இவளும் சிரிப்பாள், அப்புறம் அறைக்குத் திரும்பிவிடுவாள்.

அதனால்தான் செயலாளர் மைக்கில் "நம்ம பிள்ளைங்கள இணைக்க ஒரு ஆப் வேணும், யாருக்காவது செய்யத் தெரியுமா?" என்று கேட்டபோது கட்டத்தின் கை அவளைக் கேட்காமலே தூக்கிக்கொண்டது. சேவை மனப்பான்மை என்று செயலாளர் புகழ்ந்தார். கூட்டம் கலைந்த பிறகும் அங்கே நிற்க அவளுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். சாக்கு பலித்தது. இப்போது எல்லோரும் அவளிடம் வந்து பேசினார்கள். ஆப்பைப் பற்றி.

* எந்த மதம் என்று கேட்காதீர்கள். மைக் கீச்சிடும், செயலாளர் 'ரெண்டே நிமிஷம்' என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசுவார், பின்வரிசை போனை நோண்டும். உங்களுடையதாகவும் இருக்கலாம்.

3

செயலி செய்தவர்கள் இரண்டே பேர். வரைவது கட்டம், அதைக் கணினிக்குப் புரியும்படி எழுதுவது அவள் அலுவலகத்துத் தூங்குமூஞ்சி. எந்நேரமும் பாதிக் கண் மூடியிருக்கும், ஆனால் திட்டலாம் என்று வாயைத் திறப்பதற்குள் வேலையை முடித்து வைத்திருப்பான். மேற்பார்வை செயலாளர். பகலில் வங்கியில் இருப்பார், மிச்ச நேரமெல்லாம் கூடத்துக்குத்தான்.

யாராவது ஒரு வேண்டுதல் போட்டால் மற்றவர்கள் அழுத்த ஒரு பொத்தான் வேண்டும். அதில் என்ன எழுதுவது என்பதில் பெரிய ரகளை. 'பிரார்த்திக்கிறேன்' என்று செயலாளர் சொன்னார். சின்ன போனில் அது 'பிரார்த்திக்கி' என்று பாதியில் நின்றது.

"யாரோ விக்கல் எடுக்குற மாதிரி இருக்கு சார்" என்றான் தூங்குமூஞ்சி.

கட்டம் யோசித்து 'கூட இருக்கேன்' என்று போட்டாள். செயலாளர் முகம் சுருங்கியது.

"என்னம்மா இது, பேச்சு வழக்கு? கடவுள் முன்னாடி நிக்கிற விஷயம் இல்லையா?"

"கடவுள்கிட்ட நீங்க எழுத்துத் தமிழ்லயா சார் பேசுவீங்க?"

அவர் நிஜமாகவே யோசித்தார். "இங்க ஆமா. வீட்ல இல்ல" என்றார். பொத்தான் அப்படியே இருந்துவிட்டது. எனக்கு இந்த மனிதரைப் பிடிக்க ஆரம்பித்தது அங்கேதான். கதையில் இவரை வில்லனாக்கத்தான் கூட்டிவந்தேன், பாழாய்ப்போயிற்று.

4

வேண்டுதல் பெட்டியில் எழுத்து பொருந்துகிறதா என்று பார்க்க தூங்குமூஞ்சி 'அஆஇஈ அஆஇஈ' என்று நிரப்பி வைத்திருந்தான்.

"யாருடா கடவுள்கிட்ட வந்து அஆஇஈனு வேண்டுவாங்க? நெசமா ஒருத்தர் எழுதுற மாதிரி போடு" என்றாள் கட்டம்.

"நீயே போடு தாயே."

போட்டாள்:

'வாரா வாரம் வர்றேன். எல்லாரும் சிரிக்கிறாங்க, நானும் சிரிக்கிறேன். வீட்டுக்குப் போனப்புறம்தான் இன்னிக்கும் யார்கிட்டயும் பேசலையேனு தோணுது. எனக்காக வேண்டிக்கோங்க.'

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். எழுதும்போது அவளுக்குத் தெரிந்திருந்ததா? தெரியும் என்று ஒரு தடவை எழுதினேன். கண் கலங்கி, மூக்கை உறிஞ்சி, ஒரே நாடகம். கிழித்துவிட்டேன். தெரியவே தெரியாது, சும்மா வாயில் வந்ததை அடித்தாள் என்று இன்னொரு தடவை எழுதினேன். அது பச்சைப் பொய். கடைசியில் இப்படி வைத்திருக்கிறேன்: அடித்தாள், கடைசி வரி பெட்டிக்குள் அடங்கியது, 'சூப்பர்' என்றாள், டீ குடிக்கக் கிளம்பினாள். மாடிப்படியில் பாதி இறங்கியதும் கால் தானாக நின்றது. பிறகு மிச்சப் படிகளையும் இறங்கினாள்.

5

சோதித்துப் பார்க்க எல்லோர் போனுக்கும் செயலி போனது. மாதிரித் தகவல்களை அழிக்க வேண்டியது தூங்குமூஞ்சியின் பொறுப்பு. அவன் பெயரே சொல்கிறதே.

காலையில் கட்டம் திறந்து பார்த்தால், மாதிரிப் பயனரின் கீழே 'கூட இருக்கேன்' குவிந்து கிடந்தது. அதோடு பதில்கள்.

'நீங்க யாருனு தெரியல. நான் காலைல நடக்கப் போவேன், வர்றீங்களா? மெதுவாத்தான் நடப்பேன்.'

'நான் கடைசி வரிசை, ஜன்னல் ஓரம். பக்கத்துல இடம் பிடிச்சு வைக்கிறேன்.'

'மாதிரி-ங்கிறது வீட்ல வெச்ச பேரா? வித்தியாசமா அழகா இருக்கு.'

(சிரிக்காதீர்கள். இல்லாத ஆளுக்காக இவ்வளவு உருகுகிறார்களே என்று தோன்றினால், நீங்கள் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று ஒரு தரம் யோசியுங்கள்.)

மத்தியானம் செயலாளரிடமிருந்து போன். அவர் குரல் இறங்கியிருந்தது.

"அந்தப் பிள்ளை யாருனு எப்படியாவது கண்டுபிடிச்சுச் சொல்லும்மா. நம்ம பிள்ளை ஒண்ணு தனியாக் கெடந்து தவிக்குது, நான் இங்க பாட்டுப் போட்டிக்குக் கோப்பை வாங்கிட்டுத் திரியறேன்."

கட்டம் போனை வைத்துவிட்டுத் தூங்குமூஞ்சியைத் தேடிப் போனாள்.

6

"அழிச்சிடவா? ஒரு தட்டுத் தட்டினா போச்சு" என்றான் தூங்குமூஞ்சி.

"அழிச்சா, ஆளையே தூக்கிட்டாங்கனு நினைப்பாங்க."

"அப்ப உண்மையச் சொல்லிடுவோம். சோதனைக்குப் போட்டதுனு."

"சொல்லு. இல்லாத ஒருத்தருக்காக எங்கள ராவெல்லாம் வேண்ட வெச்சீங்களானு கேப்பாங்க. அப்புறம் இந்த ஆப்ப யாரு நம்பி வாயத் திறப்பாங்க? நாம அவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"அப்ப மூணாவதா ஒரு வழி சொல்லு."

அவள் பேனாவை எடுத்துக் கட்டம் கட்டமாகக் கிறுக்க ஆரம்பித்தாள். அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு கண்ணையும் முழுசாகத் திறந்து அவளைப் பார்த்தான்.

"ஏய். அது நீயா?"

"போடா."

அந்த 'போடா'வுக்குள் இருந்த 'ஆமாம்' அவனுக்குக் கேட்டுவிட்டது.

"நான் தினம் உன்கூடத்தான இருக்கேன்" என்றான், கொஞ்சம் அடிபட்ட குரலில்.

"இருக்க. ஆனா நான் எந்த ஊருனு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. தலையைச் சொறிந்தான்.

7

அடுத்த வாரம் பிரார்த்தனை முடிந்ததும் செயலாளர் யாரையும் எழவிடவில்லை. ரெண்டே நிமிஷம் என்றார். இந்தத் தடவை ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஒருத்தர் வேண்டுதல் போட்டிருக்காங்க. எல்லாரும் படிச்சீங்க. எவ்வளவோ தேடிட்டோம், யாருனு தெரியல. இங்கதான் உக்காந்திருக்கீங்கனா கை தூக்கணும்னு இல்ல. நாங்க கவனிக்காம விட்டுட்டோம். மன்னிச்சிடுங்க."

கட்டம் பையைத் திறந்து சாவியைத் தேடினாள். எழுந்து சொன்னால், 'ஆப் செஞ்ச பொண்ணா? அவளுக்கென்ன, எல்லார்கூடவும் பேசுவாளே' என்று அத்தனை தலையும் திரும்பும். சொல்லாவிட்டால் இந்த நல்ல மனிதர் வாராவாரம் இல்லாத பிள்ளையைத் தேடிக்கொண்டிருப்பார்.

மைக் செட்டைப் பார்த்துக்கொள்ளும் நெட்டையான இளைஞன் ஒருவன் வயரைச் சுருட்ட முன்னால் வந்தான். எல்லோருக்கும் அவன் மைக் அண்ணன். அந்த மைக்கில் அவன் 'ஹலோ, செக்' தவிர வேறெதுவும் பேசி யாரும் கேட்டதில்லை. செயலாளரிடமிருந்து மைக்கை வாங்கியவன் அணைக்கவில்லை.

"அது நான் இல்ல" என்றான். "ஆனா படிச்சதும், இத நான் எப்ப போட்டேன்னு ஒரு நிமிஷம் குழம்பிட்டேன்."

ஜன்னல் ஓரத்திலிருந்து ஒரு பெண் குரல்: "நானும்தான் அண்ணா." அப்புறம் நடு வரிசையில் யாரோ. அப்புறம் இன்னொருவர்.

கட்டம் உட்கார்ந்த இடத்திலேயே அழுதுவிட்டாள். இந்தத் தடவை நான் கிழிக்கவில்லை. அழட்டும்.

8

முடிவு ஒன்று. அவள் எழுந்து, "அது நான்தான்" என்கிறாள். கூடமே கைதட்டுகிறது. — கைதட்டினால் அது பரிசளிப்பு விழா. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு. அவள் வாயைத் திறக்கவே இல்லை. செயலி அமோகமாக ஓடுகிறது, எல்லோரும் இணைந்துவிட்டார்கள், இணைத்தவள் மட்டும் — இதை எழுதி ஒரு நாள் வைத்திருந்தேன். கலை நயமாகத்தான் இருந்தது. மனசு கேட்கவில்லை.

முடிவு மூன்று என்று ஒன்றை நான் யோசிக்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் போனை எடுத்தாள். மாதிரிப் பயனரின் பக்கத்தைத் திறந்து, பெயர் என்ற இடத்தில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தாள். அங்கே தன் பெயரை அடித்தாள். 'சேமி' என்பதன் மேல் விரல் கொஞ்சம் தயங்கியது. அழுத்திவிட்டாள்.

யார் எதை மாற்றினாலும் எல்லோருக்கும் மணி அடிக்கும்படி வைத்திருந்தான் தூங்குமூஞ்சி. கூடம் முழுக்க போன்கள் ஒன்றாகச் சிணுங்கின. எல்லாத் தலையும் குனிந்தது. பிறகு ஒவ்வொன்றாக நிமிர்ந்து அவளைத் தேடியது. செயலாளர்தான் முதலில் கண்டுபிடித்தார். ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருக்கிறார், இன்னும் நாலு வரிசை தாண்ட வேண்டும்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அவள் என்ன பெயர் அடித்தாள் என்று எழுத மாட்டேன். எல்லோரோடும் சிரித்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போகிற ஒருவர் உங்களுக்கும் தெரிந்திருப்பார். படிக்கும்போதே பெயர் மனசில் வந்திருக்கும். இடம் விட்டிருக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்:

..............................

எழுதியாயிற்றா? இனி முடிவு உங்கள் கையில்தான். புத்தகத்தை மூடிவிட்டு அவருக்கு ஒரு போன் போடுங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் 'சாப்பிட்டாச்சா?' என்று கேளுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.