தலைவருக்குப் பொன்தே

கடலைக் கடக்கும் மனிதர் இரண்டு வகை. கப்பலில் ஏற்றப்படுகிறவர்கள் ஒரு வகை. கப்பலை நடத்துகிறவனுக்குப் பக்கத்தில் நிற்பதற்கென்றே பிறந்தவர்கள் மற்ற வகை. ஸ்ரனிஸ்லாஸ் இரண்டாவது வகை. இதை ஞாயிறு பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தில் அவரே எழுந்து நின்று அறிவித்தார். அறிவித்துவிட்டு உட்காரப் பார்த்தால் கதிரை இல்லை. மண்டபத்தைப் பூட்ட நேரமாகிறதென்று யாரோ எடுத்து அடுக்கிவிட்டார்கள்.

அடுக்கியவன் கிறிகோரியாக இருக்கலாம் என்று அவருக்கு உடனே ஒரு சந்தேகம்.

தென் இத்தாலித் தமிழ்க் கழகங்களின் பேரவைக்கு இந்தமுறை பலெர்மோக்காரர் ஒருவர்தான் தலைவர். தெரிவு நாளைக் காலை நாப்போலியில். பலெர்மோவிலிருந்து கப்பலில் போவது இரண்டு பேர்: கழகத்தின் தலைவர் ஸ்ரனிஸ்லாஸ், செயலாளர் கிறிகோரி. தலைவர் இருக்கச் செயலாளரை யார் தெரிவு செய்யப் போகிறார்கள் என்று சனம் சும்மா இருந்தது. ஸ்ரனிஸ்லாஸ் சும்மா இருக்கவில்லை. கிறிகோரி அவரை எதிர்த்து ஒரு சொல் கதைத்ததில்லை. அதுதான் அவருக்கு இடித்தது.

கப்பலுக்கு ரிக்கற் எடுத்ததும் கிறிகோரிதான்.

"ஓகஸ்ட் மாசம் அண்ணை, கபின் எல்லாம் முடிஞ்சுது. பொன்தேதான் கிடக்கு. பறவாயில்லையோ?"

பொன்தே என்றால் பாலம். இருபது வருடம் இத்தாலியில் இருக்கிறவருக்கு அதுகூடத் தெரியாதா? பாலத்துக்கு இங்கிலிசில் பிரிட்ஜ். கப்பலில் கப்டன் சுக்கான் பிடிக்கும் இடத்துக்குப் பேர் என்ன? பிரிட்ஜ். ஸ்ரனிஸ்லாஸ் மூன்று மொழியையும் ஒரு மூச்சில் கடந்து கப்டனின் பக்கத்தில் போய் நின்றார்.

"பேரிலேயே பொன் இருக்கு, தம்பி. எடும்" என்றார்.

வீட்டில் கத்தரீனா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பிரிட்ஜிலையோ போறியள்?"

"ஓம். கப்டனோடை."

"அப்ப சுவெற்றர் வைக்கிறன்."

"எடி, அது மீன் வைக்கிற பிரிட்ஜ் இல்லை. இது வேறை."

"எந்தப் பிரிட்ஜெண்டாலும் குளிரும்தானே" என்று அவள் சுவெற்றரை வைத்தாள்.

போர்கோ வெக்கியோச் சந்தை மூலையில் கிறிகோரி காத்து நின்றான். ஒரு தோள்பை. கக்கத்தில் கறுப்புக் குப்பைப் பையால் சுற்றிய நீளமான சுருள் ஒன்று. ஸ்ரனிஸ்லாஸின் கண் அந்தச் சுருளில் ஒட்டிக்கொண்டது.

"என்ன தம்பி அது?"

"சும்மா அண்ணை. ராவைக்கு."

"ராவைக்கு எண்டால்?"

"தேவைப்படும்."

சுருளின் நீளம் ஒரு பதாகையின் நீளம். 'பேரவைத் தலைவர் கிறிகோரி வருக வருக' என்று எழுதினால் கச்சிதமாக அடங்கும். துறைமுகம்வரை ஸ்ரனிஸ்லாஸ் எழுத்துகளை எண்ணிக்கொண்டே நடந்தார். வாசலில் பொறுக்க முடியவில்லை.

"விரியும் பாப்பம்."

"இஞ்சை விரிக்க ஏலாது அண்ணை. ஆக்கள் மிதிப்பினம்."

மிதித்தால் என்ன? தன் பேரை மிதிக்கக்கூடாது என்றால் அது யாருடைய பேர்? அவருக்கு இனி அத்தாட்சி தேவைப்படவில்லை.

கப்பலில் ஏறியதும் வெள்ளைச் சட்டை போட்ட ஊழியன் ஒருவன் ரிக்கற் பார்த்தான். ஸ்ரனிஸ்லாஸ் கோட்டை இழுத்துவிட்டு, "பொன்தே. கொமந்தாந்தே" என்றார், கொமந்தாந்தே ஆகிய கப்டன் தனக்காகவே காத்துக்கொண்டிருப்பார் என்ற தொனியில்.

"பொன்தே? ஃபுவோரி" என்று ஊழியன் ஒரு கதவைக் காட்டினான். ஃபுவோரி என்றால் வெளியே.

வெளியே திறந்த மேல்தட்டு. காற்று. அட்டைப்பெட்டியை விரித்து ஒரு குடும்பம் கத்தரிக்காய்ப் பொரியலும் பாணும் சாப்பிட்டது. ஒருவன் காலில் கழற்றிய சப்பாத்தைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தான். கிறிகோரி ஊழியனுக்கு ஏதோ சொல்லி வைத்திருக்கிறான்! ஸ்ரனிஸ்லாஸ் பெட்டியையும் தூக்கிக்கொண்டு இரும்புப் படியில் ஏறினார். மேலே ஒரு கதவு, தட்டினார். ஒரு மாலுமி எட்டிப் பார்த்து, ரிக்கற்றைப் பார்த்து, பிறகு மிக மரியாதையாக அவருடைய முழங்கையைப் பிடித்துக் கடைசிப் படிவரை கூட்டிவந்து விட்டான்.

கீழே கிறிகோரி குப்பைப் பையை உரித்துக்கொண்டிருந்தான். உள்ளே பன்னோலைப் பாய்.

"பொன்தே எண்டால் கபினும் இல்லை, கதிரையும் இல்லை, வெறுந்தட்டுத்தான் அண்ணை. உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நினைச்சன்."

"தெரியாமலோ?" என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

"ரெண்டு பேருக்குக் காணும். காத்துப் படாத பக்கம் நீங்கள் படுங்கோ."

அவர் சுவெற்றரைப் போட்டுக்கொண்டு படுத்தார். ஒரே கேள்விதான் அவரைக் குடைந்தது: இவன் நாப்போலியில் போய்ச் சொல்லுவானா? சொன்னால் பேரவையும் இல்லை, ஒன்றும் இல்லை. பக்கத்தில் கிறிகோரி குறட்டை விட்டான். நடிக்கிறானோ என்று கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டார். கேட்டபடியே நித்திரையாகிவிட்டார்.

காலையில் கிறிகோரி எழுப்பியபோது கப்பலைக் கரையில் கட்டியாயிற்று. முகம் கழுவ நேரமில்லை. சுவெற்றரைக் கழற்றி, கோட்டைப் போட்டு, தலையைக் கையால் வாரிக்கொண்டு இறங்கினார். கீழே நாப்போலிக்காரர்கள் மாலையோடு நின்றார்கள். பெரியவர் அருளையா கையைக் கூப்பினார்.

"பிரயாணம் எப்பிடி?"

கிறிகோரி முந்திக்கொண்டான்.

"அண்ணை பொன்தேயிலைதான் வந்தவர்" என்றான் கிறிகோரி, முகத்தில் ஒரு கோடும் அசையாமல்.

இது விசுவாசமா, நக்கலா? ஆராய இப்போது நேரமில்லை. மாலை விழுந்துவிட்டது. ஸ்ரனிஸ்லாஸ் தொண்டையைச் செருமினார்.

"ஓம். கப்டன் விடவே இல்லை. விடிய விடிய அவருக்குப் பக்கத்திலை நிண்டபடி. ஒரு கண் நித்திரை இல்லை. சமூகத்தைக் கொண்டு நடத்திறவன் படுக்கலாமோ?"

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் அவர் முகத்தின் ஒரே பக்கத்தையே பார்த்தார்கள். அருளையா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை பார்த்தார்.

ஸ்ரனிஸ்லாஸின் இடது கன்னத்தில், காதிலிருந்து வாய்வரை, பாயின் பின்னல் பதிந்திருந்தது.