கீழ் வீட்டு அடுப்பு

"அவிக்கலாம், கொதிக்க வைக்கலாம். வதக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது. மீன், கறி பேச்சே கூடாது" என்று கீழ் வீட்டுச் சமையலறையில் நின்று வீட்டுக்காரம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். வெல்டிங் வேலைக்கு வந்த மூன்று பேரும் தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பாலம் கட்டும் வேலை முடியும்வரை தங்க வீடு வேண்டும் என்று வந்தவர்கள். மூத்தவன் அடுப்பைக் குனிந்து பார்த்தான். கடையில் வாங்கி வைத்த அன்றைக்கு இருந்த மாதிரியே பளபளவென்று இருந்தது.

"வெங்காயம்கூட வதக்கக் கூடாதாக்கா?"

"பச்சையா கடிச்சுக்கோங்க. உடம்புக்கு நல்லது."

"சுடுதண்ணி வைக்கலாம்ல?" என்று இளையவன் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கேட்டான்.

"தாராளமா. ஆனா இந்த ஜன்னலைத் தொறக்கக் கூடாது."

அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் அவர்கள் பையை இறக்கினார்கள். வாடகை குறைவு, வேலைத்தலம் நடக்கிற தூரம். வாயைக் கட்டினால் வயிறு தானாகக் கட்டுப்படும் என்று மூத்தவன் மற்ற இருவரையும் சமாதானப்படுத்துவது படியேறும்போது அவள் காதில் விழுந்தது.

இதற்கு முன்னால் தங்கிப் போனவர்களும் சும்மா போகவில்லை. வீடு சுத்தம், தண்ணீர் நல்ல தண்ணீர், சமையலறை மட்டும் ஆஸ்பத்திரி என்று ஒரு குடும்பம் இணையத்தில் எழுதிவிட்டுப் போயிருந்தது. படித்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. உள்ளதைத்தானே சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். காரணத்தை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஐயோ பாவம் என்பார்கள். அந்த ஐயோ பாவம் மாடிப்படி ஏறி அவர் காதில் விழுந்தால் என்ன ஆவது?

மாடியில் அவள் கணவர் படுத்திருந்தார். லாரி ஓட்டியவர். கூட்டாளிகள் அவரை மூக்கு டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கடைக்காரன் பழைய எண்ணெயில் பொரிக்கிறான், எவன் அப்போதுதான் பூண்டு தட்டிப் போட்டிருக்கிறான் என்று ஓடுகிற வண்டியில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். வீட்டுக்கு வந்தாலும் அதே கதைதான். அவளுக்கு என்று ஒரு துண்டு மீனை எடுத்து ஒளித்து வைக்க முடியாது, மனிதருக்கு மூக்கில் வேர்த்துவிடும். சாப்பாட்டு ராமன் என்று அவள் ஏசுவாள். ஏசிக்கொண்டே இன்னொரு கரண்டி வைப்பாள். அப்படித்தான் அவர்கள் வாழ்ந்தார்கள்.

அந்த மனிதருக்குத்தான் உணவுக்குழாயில் புற்று வந்தது. இனிமேல் வாய் வழியாக ஒன்றும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வயிற்றில் ஒரு குழாய் வைத்தார்கள். வெதுவெதுப்பான கஞ்சித் தண்ணீரை ஊசியில்லாத ஊசிக்குழலில் எடுத்து அவள் அதில் மெல்ல இறக்குவாள். அவர் அதைப் பார்க்கமாட்டார், சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். குரலும் காற்றாகிப் போயிருந்தது.

குழாய் வைத்து வீட்டுக்கு வந்த புதிதில், கீழே தங்கியிருந்த யாரோ வெங்காயம் வதக்கினார்கள். வாசனை ஜன்னல் வழியாக மேலே ஏறி வந்து அறை முழுக்க நின்றது. அவர் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. அதைப் பார்த்து அவள் நெஞ்சு வெடித்துவிட்டது. ஓடிப் போய் ஜன்னலைச் சாத்தினாள். அன்றைக்குப் போட்டதுதான் இந்தச் சட்டமெல்லாம். தன் வீட்டு அடுப்பிலும் கஞ்சியைத் தவிர எதையும் ஏற்றவில்லை. கீழ் வீடு காலியாக இருந்தால் அங்கே போய், ஆள் இருந்தால் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று, ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து விழுங்குவாள். வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் அவர் பக்கத்தில் போவாள். பசித்தவன் எதிரில் ஏப்பம் விடுகிற பாவம் தனக்கு வேண்டாம் என்று நினைத்தாள்.

வெல்டிங்காரர்கள் முதல் வாரம் ஒழுங்காகத்தான் இருந்தார்கள். அவித்த முட்டையும் ரொட்டியுமாக ஓட்டினார்கள். நெருப்போடு வேலை பார்க்கிற உடம்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஞாயிற்றுக்கிழமை பகலில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொய்யென்று ஒரு சத்தம் கேட்டது. பின்னாலேயே பூண்டு வாசனை, அதன் பின்னால் மீன்.

அவள் மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு இறங்கி ஓடினாள். மூன்று பேரும் கையும் களவுமாக அடுப்பைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஜன்னல் வேறு விரியத் திறந்திருந்தது. அவள் அடுப்பை அணைத்தாள்.

"பெரிய மனுசங்கதானே நீங்க? ஒரு தடவ சொன்னா ஏறாதா?"

"தப்புதான்க்கா. நாக்கு செத்துப் போச்சு, அதான்" என்றான் மூத்தவன்.

நாக்கு செத்துப் போச்சு என்றதும் அவளுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ. "செத்துப் போறதுன்னா என்னன்னு தெரியுமாடா உங்களுக்கு?" என்று கத்திவிட்டாள். அவர்கள் திகைத்துப் போய் நின்றார்கள். ஜன்னலை அறைந்து சாத்திவிட்டு மேலே ஏறினாள். அவர் அழுதுகொண்டிருப்பார், என்ன சொல்லித் தேற்றுவது என்று ஒவ்வொரு படியிலும் யோசித்துக்கொண்டே போனாள்.

அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். யாரும் தூக்கிவிடாமல் தானாக எழுந்து, தலையணையை முதுகுக்குக் கொடுத்து, முகத்தை ஜன்னல் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"மீனு" என்றார். "பூண்ட சீக்கிரம் போட்டுட்டான். கருகுது."

"கீழ ஜன்னலச் சாத்திட்டேங்க. இனிமே வராது."

"ஏன்?"

அவர் மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "மூக்கும் போச்சுன்னு நெனச்சேன். மருந்து நாத்தம், அதுவும் பழகிப் போச்சு. அந்த வெங்காயத்துக்கப்புறம் வேற ஒண்ணுமே வரல. வாயோட சேத்து இதையும் ஆண்டவன் எடுத்துக்கிட்டான்னு கெடந்தேன். உங்கிட்ட சொன்னா நீ அதுக்கும் அழுவ."

"அன்னிக்கு அழுதீங்களே! வெங்காயம் வதக்குன அன்னிக்கு!"

"நல்லா இருந்துச்சுடி. அதான் அழுதேன்."

அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தாள். அவருக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். பாசம் என்று நினைத்து அதையும் தன் கையாலேயே ஒட்ட ஒட்டத் துடைத்திருக்கிறாள். சத்தமில்லாமல் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டார்.

"எளச்சுப் போயிட்ட. எங்க போய் சாப்பிடுற?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கீழ போய் அந்த மீன வாங்கிட்டு வா. இங்க வச்சு சாப்பிடு."

"என்னால முடியாதுங்க."

"எனக்காக" என்றார்.

அவள் மறுபடியும் கீழே இறங்கினாள். மூன்று பேரும் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டைக் காலி பண்ணச் சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்திருப்பார்கள் போல. அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அடுப்பப் பத்த வைங்க" என்றாள். "ஜன்னலத் தொறந்துட்டுப் பொரிங்க. பூண்ட கடைசியில போடணும். எனக்கு ஒரு துண்டு வேணும்."

மூத்தவன் அவளையும் மேலே மாடியையும் மாறி மாறிப் பார்த்தான். இருப்பதிலேயே பெரிய துண்டாகப் பார்த்து எண்ணெயில் இட்டான்.

தட்டோடு அறைக்குள் வந்தவள் பழக்கதோஷத்தில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"இந்தப் பக்கம் திரும்பு."

திரும்பினாள். மீனைப் பிய்த்து வாயில் வைத்தாள். அவர் கண் அவள் வாயை விட்டு அசையவில்லை.

"உப்பு?"

"கொஞ்சம் தூக்கல்."

"மெதுவா. முள்ளப் பாத்து சாப்பிடு" என்றார்.

கண்ணீரும் மீனும் கலந்து வாய்க்குள் கிடந்ததை அவள் நன்றாக மென்றாள். அவர் உதடும் கூடவே லேசாக அசைந்தது. அவள் விழுங்கினாள். எதிரே, அந்த மெலிந்த கழுத்தில் அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.