இரு பெயர் தாங்கிய தகடு

கீழைக் கடலின்மேல் கதிரவன் தலைகாட்ட, அக்கரையிலிருந்து வந்த கலம் தன் முதற் சுமையை இறக்க, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் வைகறைத் தொழுகை முடித்தோர் சோற்றுக்கடைகளின் முன் வரிசை பிடிக்க, ஜெலுத்தோங் அடுக்ககங்களினின்று இறங்கிய ஈருருளிகள் ஒன்றையொன்று முந்தி விரைய, பினாங்குத் தீவு தன் பிழைப்பைத் தொடங்கும் அந்த வேளையில், தமிழ் நயக்கும் அன்பரே, நாம் நகரத்து இரைச்சலை முதுகுக்குப் பின்னே விட்டு, ஆயர் ஈத்தாமைக் கடந்து, மலையடிவாரம் சேர்வோம். அங்கே குன்றின் சரிவை மூன்று படிகளாக வெட்டி அமைத்த பொதுப் பூங்கா ஒன்றுண்டு. முதற்படியிற் புல்வெளியும் பூம்பாத்திகளும், இரண்டாம்படியில் மூங்கிற் புதர்களும், மூன்றாம்படியில் கிராம்பு, மிளகு, பட்டை, சாதிக்காய் ஆகிய மணப்பயிர்களும் விளங்கும். உடல் இளைக்க நடக்க வருவோர் பெரும்பாலும் முதற்படியிலேயே மூச்சு வாங்கித் திரும்பிவிடுவர். ஆதலின் மூன்றாம்படி எந்நாளும் அமைதியாகவே இருக்கும்.

இப்பூங்காவின் நாற்றங்காலுக்குத் தலைவி மோனிக்கா. கத்தோலிக்கக் குடியிற் பிறந்து, நாற்பத்தெட்டு அகவை கடந்து, மணம் புரியாது தனித்து வாழ்பவள். பூங்கா தானே முளைத்துத் தானே அழகாகிறது என்று நம்பும் நல்லோர் நடந்து மகிழும்பொருட்டு, இருபத்தெட்டு ஆண்டுகளாக மண் கிளறி, நாற்று மாற்றி, கிளை கழித்து, இலையை விரல்நுனியால் தடவியே அதன் நோயறிந்து உழைத்தவள். ஒட்டுக் கட்டுவதில் அவளுக்கு நிகர் அத்தீவில் இல்லை. அவள் கைபட்ட ஒட்டு நூற்றில் ஒன்று பட்டுப்போவதும் அரிது. அத்தகைய கைகாரி, மூன்றாம்படியின் மூலையில் நின்ற ஒரே ஒரு சாதிக்காய் மரத்தில் மட்டும் கத்தி வைக்க மறுத்தாள். அது ஏன் என்பதே நம் கதை.

சாதிக்காய் மரத்தின் இயல்பறியாதார்க்கு ஒரு சொல். பனையைப் போலவே இதிலும் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு; பூக்கும் நாள்வரை இன்னதென்று நட்டவராலும் சொல்லவியலாது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், மோனிக்காவும், அவளோடு அதே நாற்றங்காலிற் பணிபுரிந்த கோகிலன் என்னும் இளைஞனும் இரண்டு சாதிக்கன்றுகளை அருகருகே நட்டனர். நட்டவர் பெயரைத் தகட்டிற் பொறித்து மாட்டுவது அப்பூங்காவின் வழக்கம். இரு கன்றுக்கும் ஒரே தகடாக, 'கோகிலன், மோனிக்கா' என்று பொறித்தனர். அன்று கோகிலன் சிரித்துக்கொண்டே ஒரு பந்தயம் வைத்தான். முதலிற் பூப்பது ஆணென்றான் அவன், பெண்ணென்றாள் இவள். வென்றவர் எது கேட்பினும் தோற்றவர் தந்தாக வேண்டும். அவன் தொழும் கோயிலும் இவள் தொழும் கோயிலும் வேறு. அதனை ஒருநாளேனும் மறக்கவிடாத உற்றார் இருபுறத்தும் உண்டு. ஆதலால், வாய்விட்டுச் சொல்ல அஞ்சியதை இருவரும் அந்தப் பந்தயத்துக்குள் ஒளித்துவைத்தனர். ஈராண்டு கழிந்து அவன் மேற்படிப்பை நாடி மெல்பர்ன் சென்றான். "பூத்தா சொல்லு" என்பதே பூங்கா வாயிலில் அவன் உரைத்த கடைசிச் சொல்.

நான்காம் ஆண்டின் பெருமழையிற் சரிவு இடிந்து ஒரு கன்று வேரோடு போயிற்று. எஞ்சியது ஏழாம் ஆண்டிற் பூத்தது. இளமஞ்சள் நிறத்திற் குடுவைபோற் கவிழ்ந்து தொங்கிய அப்பூவைப் பிளந்து, உள்ளே சூல் இருக்கக் கண்டு, மோனிக்கா சிறுமியெனத் துள்ளினாள். பெண்மரம்! தான் கேட்க வேண்டியதை அவள் ஏழாண்டுகளாக ஆயத்தமாக வைத்திருந்தாள். அது 'திரும்பி வா' என்னும் இரண்டு சொல். அதனை எழுத அமர்ந்த அதே கிழமையிற் கோகிலனின் திருமண அழைப்பிதழ், அலுவலகத்தார் அனைவர்க்கும் பொதுவாக வந்துசேர்ந்தது. அவள் எழுதவில்லை. அன்று மாலை அத்தகட்டைக் கழற்றிக் கைப்பையிலிட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். எந்த அழைப்பிதழிலும் சேர்ந்து நிற்கக் கொடுத்துவைக்காத அவ்விரு பெயர்களும் அந்தச் சாண் நீளத் தகட்டில் மட்டுமே சேர்ந்து நின்றன. அதனை மழைக்கும் பிறர் கண்ணுக்கும் விட்டுவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அதன்பின் பதினைந்து ஆண்டுகள், துணை மரம் அருகில் இன்மையால், அம்மரம் பூப்பதும் உதிர்ப்பதுமாகவே நின்றது. ஆண்மரத்துக் குச்சி ஒன்றை அதன் கிளையில் ஒட்டுக் கட்டினால் காய்க்கும்; இதனை மோனிக்கா அறியாதவள் அல்லள். நாற்றங்காலில் உடன் உழைக்கும் ஆசியா பீவியும் ஆண்டுதோறும் நினைவூட்டுவாள்.

"எங்க வீட்டுப் பின்னால ஆம்பள மரம் சும்மாதான்லா நிக்கிது, மோனிக்கா. ஒரு குச்சி வெட்டிட்டு வரேன், கட்டிரு. பூத்துப் பூத்துக் கொட்டுது, பாக்கவே பாவமா இருக்கு."

"இருக்கட்டும்க்கா, அடுத்த வருசம் பாப்போம்."

அந்த அடுத்த ஆண்டு வரவேயில்லை, வந்தவன் கோகிலன். பூங்காவைப் புதுப்பிக்க வரைபடம் வகுக்கும் வல்லுநனாக, நரைத்த தலையும் கண்ணாடியுமாக வந்திறங்கினான். அலுவலர் பலர் சூழ நின்ற முதல்நாளிலேயே, "நம்ம சாதிக்கா ரெண்டும் மழையில போயிருச்சாமே? புக்குல பாத்தேன்" என்று மோனிக்காவிடம் வருந்திக் கேட்டான். தகடில்லாத மரம் அப்பூங்காவின் ஏட்டிற் சேராது. ஆகவே ஏடு புதுப்பித்தோர் இரண்டையும் அழிந்தனவென்றே எழுதியிருந்தனர். அத்தனை பேர் நடுவே, ஒன்று நிற்கிறது என்றால் தகடெங்கே என்ற கேள்வி எழும். தகடு தன் தலையணைக்கடியில் இருக்கிறது என்று எங்ஙனம் சொல்வாள்? பேதை, ஆம் என்று தலையசைத்துவிட்டாள். மறுநாள் அவள் மூன்றாம்படிக்கு ஏறியபோது, வந்தவழி தெரியாத காயாமரம் என்று கருதப்பட்டு, வெட்டுவதற்கு அடையாளமாக அம்மரத்தின் அடியிற் செஞ்சாய வளையம் இடப்பட்டிருந்தது. இட்டவன், தன் கையால் அதனை நட்ட கோகிலனே.

அடுத்த நாட்காலை வெட்டுவோர் வருவதாக இருந்தது. தகட்டை மாட்டினால் பதினைந்தாண்டு மறைவு வெளிப்படும். மாட்டாவிடில் மரம் போகும். நாணம் பெரிதா, மரம் பெரிதா என்று தன்னைத்தானே கேட்டு அழுது தெளிந்தவள், விடிந்ததும் முதல் ஆளாக மேலேறினாள். அவள் கம்பியை முறுக்கிக்கொண்டிருக்கையிற் கோகிலன் வரைபடத்தோடு வந்து நின்றான்.

"என்ன பண்ற, மோனிக்கா?"

"இந்த மரத்துக்குத் தகடு இருக்கு. மாட்டுறேன்."

குனிந்து படித்தவன் அவ்வெழுத்துகளை விரலால் தடவினான். "நம்ம மரமா? போயிருச்சுன்னுல்ல தலையாட்டுன?"

"ஒண்ணுதான் போச்சு. தகட்ட நான்தான் கழட்டி வீட்டுல வச்சிருந்தேன். புக்கு எழுதுனவங்க மேல தப்பில்ல."

"எப்பப் பூத்துச்சு?"

"பதினஞ்சு வருசமாச்சு. உங்க கல்யாணக் கார்டு வந்த வாரம்."

"நீ எப்பத்துலேருந்து என்ன 'நீங்க'ன்ற?"

"அந்த வாரத்துலேருந்துதான்."

கீழே முதற்படியில் நடப்போரின் பேச்சொலி எழுந்தடங்கியது. கோகிலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணு."

"அப்ப நீதான் ஜெயிச்ச." அவன் அடிமரத்திற் கைவைத்தான். "இவ்ளோ கைகாரி, ஏன் ஒரு ஒட்டுக் கட்டாம விட்டுட்ட?"

அவள் கம்பியின் முனையை மடக்கினாள். அவன் நட்ட இணை நின்ற இடத்தில் அயல்மரத்துக் குச்சியை வைக்கத் தன் கை எழவில்லை என்பதை அவள் கூறாமலே அவன் அறிந்துகொண்டான்.

"சரி, கேளு. பந்தயம் பந்தயம்தான். என்ன வேணும்?"

இரண்டு சொல்லும் அவள் நாவின் நுனிவரை வந்தன. அவற்றை விழுங்கிவிட்டு, "அந்தச் செவப்பு வளையத்த அழிச்சிருங்க" என்றாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்லா."

கோகிலன் வேறெவரையும் ஏவாமல், மண்ணெண்ணெயில் நனைத்த துணியால், முழங்காலிட்டு அச்சாயத்தைத் தானே துடைத்தான். சற்று நேரத்தில் வெட்டுவோர் வந்து, வரைபடத்தில் அவன் மரத்தைச் சேர்த்திருக்கக் கண்டு திரும்பிப் போயினர். வேலை முடிந்து அவன் மெல்பர்ன் புறப்பட்ட நாளில் வாயில்வரை சென்றவர்களுள் மோனிக்கா இல்லை. அந்நேரத்தில் அவள் ஆசியா பீவியிடம், "அக்கா, அந்தக் குச்சி இன்னும் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாண்டு கழிந்து மரம் காய்த்தது. முதற்காய் வெடித்து, உள்ளே கொட்டையைப் பொதிந்த செக்கச்சிவந்த சாதிபத்திரி தெரிந்த காலையில், ஆசியா பீவி கைதட்டிச் சிரித்தாள், மோனிக்கா அழுதாள். பூத்ததைச் சொல்லாதவள் காய்த்ததை மட்டும் கோகிலனுக்கு ஒருவரிச் செய்தியாக அனுப்பினாள். சில நாழிகை கழித்து, "ஜெயிச்சவ நீ, தோத்தவன் நான்" என்று விடை வந்தது. அதனை இருமுறை படித்துவிட்டு அவள் வேலைக்குத் திரும்பினாள்.

அன்பரே, நெஞ்சிற் பூட்டிவைத்த அன்பு பழுதுபடாமல் இருக்கலாம். ஆயினும் அதன் நிழலில் எவரும் அமரவியலாது. அந்தத் தகடு இன்று மழையிலும் வெயிலிலும் தொங்குகிறது. எழுத்துகள் மங்கி வருகின்றன. மூன்றாம்படிவரை ஏறிவரும் ஒருசிலர், இளைப்பாற அம்மரத்தடியில் அமர்ந்து, அவ்விரு பெயர்களையும் படித்துவிட்டு, "புருசன் பொண்டாட்டி நட்ட மரம் போல" என்று சொல்லிக்கொள்கின்றனர். அருகில் நாற்று மாற்றிக்கொண்டிருக்கும் மோனிக்கா அதனைக் கேட்டும் திருத்துவதில்லை.