மாமியாரின் பல்செட்டுக்கு ஒரு மாவு மெஷின்

பல் டாக்டருக்கு ஒரு குணம் உண்டு. தப்பு தன் பேரில் இல்லை என்று காட்டுவதற்காக எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போவார். தப்பை ஒப்புக்கொள்ளும் அந்த ஒரு சின்ன வேலை மட்டும்தான் அவருக்கு வராது. இதைச் சொல்வது வேறு யாருமில்லை, அவரேதான். இப்போதெல்லாம் யாராவது காது கொடுத்தால் போதும், தன் தலையில் தானே குட்டிக்கொண்டு மாவு மெஷின் கதையை ஆரம்பித்துவிடுகிறார்.

மாமியாருக்கு அவர் தன் கையாலேயே பல்செட் செய்து கொடுத்திருந்தார். மாமியார் முப்பது வருஷம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். ஓய்வு பெற்று மகள் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. சாப்பாட்டு மேஜையில் அவர் பேச ஆரம்பித்தால் அடுத்த தெருவில் நிற்பவருக்கு வண்டி கிளம்பப் போகிறதோ என்று தோன்றும். அப்பேர்ப்பட்டவர் கொஞ்ச நாளாகத் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, ரொட்டியைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிட்டார். கேட்டால், "எனக்கு இங்கதான் வசதியா இருக்கு" என்று முடித்துக்கொள்வார். நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டு வேறு வந்தார். வீடு வெறிச்சென்று இருந்தது.

"அம்மாவுக்குப் பல்செட் ஒத்துக்கலைங்க. ரொட்டியைக் கடிச்சா வலிக்குதாம்" என்றாள் மனைவி.

"பல்செட்ல ஒண்ணும் இல்ல. அந்த ரொட்டி சரியில்ல."

யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு அதைக் காப்பாற்ற வேண்டாமா? டாக்டர் தொடர்ந்தார். "கடை ரொட்டியைப் பாத்திருக்கியா? மேல தோலு மாதிரி, உள்ள பஞ்சு மாதிரி. சொந்தப் பல்லு இருக்கிறவனே அதோட மல்லுக்கட்ட வேண்டியிருக்கு. கோதுமையை வீட்லயே அரைச்சு, சுடச்சுடச் செஞ்சு குடுத்தா அத்தை ஜம்முனு சாப்பிடுவாங்க. வேணா பாரு."

அன்றைக்கே மாமியாரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போய் வாயைத் திறக்கச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். முன்பின் தெரியாத நோயாளிகளுக்கெல்லாம் 'மூணு மாசம் கழிச்சு வந்து காட்டுங்க' என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறவர், ஒரே வீட்டில் இருந்த மாமியாருக்கு அந்தச் சீட்டை எழுதவில்லை. மாமியாருக்கும் மாப்பிள்ளை முன்னால் பல்செட்டைக் கழற்றிப் பொக்கை வாயோடு உட்காரக் கூச்சம். ஆகவே அவரும் கேட்கவில்லை.

மெஷின் தேடும் படலம் ஒன்றரை மாதம் ஓடியது. ஊரில் மற்றவர்கள் கடைக்குப் போய், நல்லதாக ஒன்று காட்டுங்கள் என்று கேட்டு வாங்கி வருவார்கள். டாக்டர் பெரிய தாளில் கட்டம் போட்டுப் பதினொரு மெஷின்களை வரிசைப்படுத்தினார். கையால் சுற்றுவதா, மின்சாரமா? உள்ளே எஃகுச் சக்கரமா, கல்லா? அரைக்கும்போது மாவு எவ்வளவு சூடாகும்? சமையலறை அலமாரிக்கு அடியில் நுழையுமா? நாற்காலியில் வாய் நிறையப் பஞ்சோடு படுத்திருந்த நோயாளிகளிடமெல்லாம், "கல்லுதானே நல்லது, என்ன சொல்றீங்க?" என்று கருத்துக் கேட்டார். பதில் சொல்ல முடியாமல் கிடந்த அத்தனை பேரும் தன் கட்சி என்று எடுத்துக்கொண்டார்.

கடையில் இன்னும் மோசம். கடைக்காரர் மெஷினின் மூடியைக் கழற்றிக் காட்ட, டாக்டர் பையிலிருந்து பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்து உள்ளே விட்டார். "இன்னும் கொஞ்சம் நல்லா தொறங்க" என்றார், பழக்கதோஷத்தில். கடைக்காரரும் என்ன நினைத்தாரோ, தன் வாயைத் திறந்தார். திறந்ததுதான் திறந்தார், கடைவாயில் ஒரு சொத்தை இருந்தது. டாக்டர் அதையும் பார்த்துச் சொல்லிவிட்டு, கல் வைத்த மின்சார மெஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். அதன் மேலே ஒரு திருகு வளையம். ஒரு பக்கம் திருகினால் இரண்டு கற்களும் நெருங்கி மாவு நைசாக விழும், மறுபக்கம் திருகினால் ரவையாக விழும்.

'நன்றாகக் காய்ந்த கோதுமை மட்டும்' என்று கூட வந்த புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அது சாதாரண ஜனங்களுக்கு என்று டாக்டர் நினைத்தார். வாய்க்குள் போகும் எதையும் கழுவாமல் விட்டுப் பழக்கமில்லாதவர் அவர். கோதுமையை மூன்று தண்ணீரில் அலசி, துண்டில் பரப்பி, அரைமணி நேரம் விசிறியைப் போட்டுவிட்டு மெஷினில் கொட்டினார்.

முதல் ரொட்டி அடுப்பிலிருந்து வெளியே வந்தபோது மனைவி அதை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். "யாரோ கதவைத் தட்டற மாதிரி இருக்குங்க" என்றாள். டாக்டர் அதைக் காதில் வாங்காமல் ஒரு துண்டு வெட்டி, வெண்ணெய் தடவி, மாமியாரின் அறையில் கொண்டுபோய்க் கொடுத்தார். சாயங்காலம் தட்டு காலியாக வந்தது. "ரொம்ப நல்லா இருந்துது மாப்பிள்ளை" என்றார் மாமியார். டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் குப்பைக் கூடையைக் கொட்டப் போனபோது, அடியில், காகிதத்தில் பத்திரமாகச் சுற்றி, அந்தத் துண்டு முழுசாக இருந்தது. வெண்ணெயை மட்டும் வழித்துத் தின்றிருந்தார். மாப்பிள்ளை மனசு நோகக் கூடாதென்று ஒரு மனுஷி பசியோடு படுத்திருக்கிறார். அது அவருக்கு உறைத்தது. உறைத்து என்ன பயன்? மாவை இன்னும் நைசாக அரைக்க வேண்டும் என்றுதான் அவர் புத்தி போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், கற்களை இன்னும் நெருக்கி வைத்து மெஷினை ஓட்டினார். டக், டக், டக் என்று ஒரு சத்தம். வளையத்தைத் திருகிப் பார்த்தார், நிற்கவில்லை. உடனே கம்பெனிக்குப் போன் போட்டு, மறுமுனையில் எடுத்த பெண்ணை வறுத்தெடுத்துவிட்டார்.

"கேக்குதாங்க? கல்லு ஒரு பக்கம் மட்டும் இடிக்குது. பொருளைக் கையில குடுத்துட்டா உங்க வேலை முடிஞ்சுதா? அப்புறம் அது ஒழுங்கா இருக்கா இல்லையான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா? வாங்கினவங்க கஷ்டம் உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், கோதுமையைக் கழுவினீங்களா?" என்றாள்.

"லேசா" என்றார் டாக்டர்.

"ஈரத்தோட அரைச்சா மாவு கல்லுக்கு அடியில ஒட்டிக்கும் சார். ஒரு பக்கம் உசந்துடும். பிரிச்சு, உசந்த இடத்தைச் சுரண்டி விடுங்க. பத்து நிமிஷ வேலை."

அசடு வழியப் போனை வைத்துவிட்டுத் திருப்புளியைத் தேடித் திரும்பினால், சமையலறை வாசலில் மாமியார் நின்றுகொண்டிருந்தார். வாயைக் கையால் மூடியிருந்தார்.

"மாப்பிள்ளை, அதை இன்னொரு தடவை ஓட்டுங்க."

ஓட்டினார். மாமியார் தலையைச் சாய்த்துக் கேட்டார். நூறு வண்டிச் சத்தத்துக்கு நடுவே எது வருகிறது, எது போகிறது என்று பிரித்துச் சொன்ன காது அது.

"இதே சத்தம்தான். நான் மென்னா எடது பக்கம் இப்படித்தான் கேக்குது. முதல்ல இல்ல, நடுவுலதான் வந்துது. பேசினாலும் கேக்குது, அதான் பேசறதில்ல. நீங்க பாத்துப் பாத்துச் செஞ்சு குடுத்தீங்க. உங்ககிட்ட சொன்னா குறை சொன்ன மாதிரி ஆயிடுமேன்னு சும்மா இருந்துட்டேன்."

டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. சற்று முன் போனில் தான் கத்திய ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி வந்து தன்னையே அறைந்தது போல இருந்தது.

"தப்பு என்னோடதுதான் அத்தை" என்றார்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அந்த வாக்கியத்தை அவள் அந்த வாயிலிருந்து கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமையானாலும் கிளினிக்கைத் திறந்தார். "நான் திரும்பிக்கிறேன் அத்தை, நீங்க கழட்டி இந்தக் கிண்ணத்துல வைங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார். பிறகு விளக்கைத் திருப்பிப் பார்த்தபோது, இடது பக்க ஈறில் மிளகளவு ஒரு புண், சிவந்து கிடந்தது. ஈறு கொஞ்சம் வற்றி, பல்செட் இறங்கி, கடைசிப் பல் ஒன்று மட்டும் உயர்ந்து நின்றிருக்கிறது. நாற்காலியில் ஏறும் எவருக்கும் முதலில் பார்க்கும் விஷயம் இது. இந்தப் புண்ணை வாயில் வைத்துக்கொண்டா தன் ரொட்டியைப் புகழ்ந்தார்? டாக்டருக்கு அழுகையில் வாய் கோணியது. முகமூடி போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று. பல்செட்டை மாட்டி நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, பல்லில் நீலக் கறை பட்ட இடத்தை ராவி, மறுபடி கடிக்கச் சொல்லி, மறுபடி ராவினார். பத்து நிமிஷம்தான் ஆயிற்று.

புண் ஆற ஒரு வாரம் விட்டார்கள். அதற்குள் மெஷினையும் பிரித்துச் சுரண்டி, கழுவாத கோதுமையைப் போட்டு அரைத்து ஒரு ரொட்டி சுட்டார் டாக்டர். மத்தியானம் மேஜையில் அதை வைத்தபோது, மாமியார் தானாகவே வந்து உட்கார்ந்தார். மேல் தோலோடு ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். மென்றார். மனைவியும் டாக்டரும் தங்கள் தட்டில் கை வைக்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த டக், டக் சத்தமே இல்லை. மாமியார் துண்டு முழுவதையும் தின்று தீர்த்து, விரலைத் துடைத்துக்கொண்டார்.

"உப்பு போடலையா மாப்பிள்ளை?"

டாக்டர் போடவில்லை. மறந்தே போயிருந்தார்.

"உப்பு இல்ல. அடி கருகியிருக்கு. நடுவுல வேகல. இதுல ஒரு பக்கம் உப்பலா, ஒரு பக்கம் அமுங்கி, வெட்டினது வேற கோணலா இருக்கு!" குரல் ஏறிக்கொண்டே போயிற்று. எதிர் வீட்டு ஜன்னலில் ஒருவர் எட்டிப் பார்த்தார். டாக்டருக்குச் சந்தோஷத்தில் காது அடைத்தது. அவர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வேற என்ன குறை அத்தை? ஒண்ணு விடாம சொல்லுங்க."

மாமியார் தட்டை நீட்டினார்.

"அதுக்கு இன்னொரு துண்டு வேணும்."