நெஞ்சளவுக் கோடு

2005-ஆம் வருஷத்து வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று சரியாகச் சொல்லிவிட முடியும் என்ற நம்பிக்கை இந்தக் கதையைச் சொல்பவருக்கு இல்லை. தேவானையைக் கேட்டால் முழங்கால் என்பாள். அந்தச் சந்தில் இருந்த மற்றவர்களைக் கேட்டால் நெஞ்சு வரைக்கும் என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அப்படித்தான் நினைவிருக்கிறது.

நந்தனத்துக்குப் பின்னால், அடையாற்றை ஒட்டி, முத்துமாரியம்மன் கோயில் சந்து என்று ஒன்று இருந்தது. மொத்தம் இருபத்திரண்டு வீடுகள். கோயிலின் வெளிச்சுவரில் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தண்ணீர் நின்ற உயரத்தில் ஒரு கோடு இருக்கும். கோட்டின் மேல் வருஷம். 85, 96, 2005. ஆடியில் கூழ் ஊற்றுவதற்கு முந்தின நாள் தேவானையின் புருஷன் தங்கவேல் அந்தக் கோடுகளுக்குப் புதிதாகச் சிவப்புப் பெயிண்ட் கொடுப்பான். அவனுக்குத் தொழிலே பெயிண்ட் அடிப்பதுதான். பக்கத்தில் நிற்கிறவர்கள் தங்கள் உயரத்தைக் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, தான் பிழைத்திருப்பேனா மாட்டேனா என்று சிரித்துக்கொள்வார்கள். 2005-தான் இருப்பதிலேயே உயரம். நல்ல வளர்ந்த ஆளுக்கு நெஞ்சளவு.

அந்தக் கோடு பிறந்த கதை வேறு. தண்ணீர் வடிந்த மறுநாள், நிவாரணத்துக்குப் பெயர் எழுத ஆள் வருகிறது, இடுப்புக்கு மேல் ஈரக்கோடு இருக்கிற வீட்டைத்தான் எழுதுகிறார்கள் என்று சேதி வந்தது. கோயில் சந்தில் ஆற்று வெள்ளம் முழங்காலோடு நின்று திரும்பிப் போயிருந்தது. அரிசி போயிற்று, பாய் போயிற்று, ஸ்டவ் போயிற்று. கோடு மட்டும் உயரமில்லை. தங்கவேல் ஆற்று வண்டலை வாளியில் கரைத்தான். கொத்தனார் மட்டம் பார்க்கிற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் தேவானையின் கையில் கொடுத்தான்.

"தண்ணி மட்டமாத்தான் நிக்கும். ஒரு வூட்ல ஏறி ஒரு வூட்ல எறங்கி கீதுன்னு வெய்யி, வர்றவனுக்குப் புரிஞ்சிபூடும்" என்றான்.

இருபத்திரண்டு வீட்டுச் சுவரிலும் வண்டலால் கோடு இழுத்தார்கள். குழாயைப் பிடித்துப் பிடித்துத் தேவானைக்குக் கை மரத்துப் போயிற்று. வந்த அதிகாரி டேப் வைத்து அளந்தார், எல்லா வீட்டையும் எழுதிக்கொண்டார். அவர் திரும்ப வந்து பார்த்தால் கோயில் சுவர் வேறு ஒன்று சொல்லக் கூடாதே என்று, அடுத்த ஆடியில் தங்கவேல் அங்கேயும் அதே உயரத்தில் இழுத்துவிட்டான்.

பிறகு பத்து வருஷம். முதலில் எல்லோரும் கண்ணடித்துக்கொண்டு நெஞ்சளவு என்று சொன்னார்கள். அப்புறம் கண்ணடிப்பதை மறந்தார்கள். தேவானையே தான் வேலை செய்கிற ஆழ்வார்பேட்டை வீட்டு அம்மாவிடம், "நெஞ்சு வரைக்கும் தண்ணிம்மா, சந்துப் புள்ளைங்கள தலைல தூக்கி வச்சிக்கினு நின்னோம்" என்று சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது அவள் உடம்பு நடுங்கியது. அந்த நடுக்கம் பொய்யில்லை.

2015 டிசம்பர் முதல் தேதி, செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் ராத்திரி பிடித்த மழை விடவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு விளக்கு வைக்கிற இருட்டு. ஆறு கோயிலின் கடைசிப் படியை எட்டியிருந்தது. மழைக்கோட்டு போட்ட போலீஸ்காரர் ஒருவர் சந்து முனையில் நின்று, எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று மைக்கில் சொல்லிவிட்டு அடுத்த சந்துக்குப் போய்விட்டார். பாதிப் பேர் கிளம்பினார்கள். பாதிப் பேர் கிளம்பவில்லை. போனமுறை பூட்டிவிட்டுப் போன வீடுகளில் சிலிண்டர் காணாமல் போயிருந்தது.

தேவானையின் எதிர்வீட்டில் வஜீஹா இருந்தாள். கல்யாணமாகி வந்து ஐந்து வருஷம் ஆகிறது. புருஷன் பெங்களூருக்கு லாரி ஓட்டப் போயிருந்தான். வீட்டில் அவளும், மூன்று வயதுப் பெண்ணும், மாமனார் அப்துல் சமத்தும். சமத் ரங்கநாதன் தெருவில் முப்பது வருஷம் நடைபாதையில் ஜாக்கெட் துணி விற்றவர். இப்போது வலது பக்கம் முழுக்க வாதத்தில் விழுந்து கட்டிலோடு கிடந்தார். கனத்த உடம்பு. நாக்கு மட்டும் விழவில்லை.

வஜீஹா வாசலில் நின்று, "அக்கா, இன்னா பண்றதுன்னு தெரில. மாமாவத் தூக்கிக்கினு மெயின் ரோட்டுக்குப் போவணும்னா நாலு ஆளு வேணும். ஆட்டோ உள்ள வராது" என்றாள்.

உள்ளேயிருந்து சமத்தின் குரல் வந்தது. "நாலு பேரு தூக்கறதுக்கு ஒரு நாளு தானா வருவாங்கம்மா. இன்னிக்கே இன்னா அவசரம்?"

"வாய மூடிக்கினு கெடய்யா பெருசு" என்று சிரித்தான் வஜீஹாவின் பக்கத்து வீட்டுக் கதிரேசன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். சந்தில் அவன் வீடு ஒன்றுக்குத்தான் கான்கிரீட் தளம். "நா இப்பவே ஆளுங்களக் கூட்டியாரேன். தூக்கிடலாம்."

வஜீஹா கோயில் சுவரைக் காட்டினாள். "அதோ, அந்தக் கோடு வரைக்குந்தான வந்துச்சி? எங்க வூட்டுப் பரண் அதுக்கு மேல ரெண்டு மொழம் கீது. மாமாவப் பரண்ல ஏத்திட்டு நானும் புள்ளையும் கூட ஒக்காந்துக்கறோம். இந்த மழைல அவர ரோட்ல போட்டுத் தூக்கினா ஜன்னி வந்துடும்." பிறகு தேவானையின் பக்கம் திரும்பினாள். "நீங்க கூட இருந்தவங்கதான? நெஞ்சு வரைக்குந்தான வந்துச்சி?"

தேவானை வாயைத் திறந்தாள்.

அந்த ஒரு கணத்தில் அவளுக்குள் என்னென்னவோ ஓடிற்று. அது தண்ணீர் போட்ட கோடு இல்லை, நானும் அவரும் இழுத்தது என்று சொல்ல வேண்டும். சொன்னால் சந்தே மறந்துபோனது வெளியே வரும், அதிகாரி காது வரைக்கும் போகும். அந்த வருஷம் எழுதிய பட்டியலை வைத்துத்தான் மாற்று வீடு கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. இருபத்திரண்டு பெயரும் அந்தப் பொய்யின் மேல் நிற்கிற பெயர்கள். அவள் தங்கவேலைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்வான் என்று நினைத்தாள்.

தங்கவேல் பீடியை வாயிலிருந்து எடுத்தான். "நெஞ்சு வரைக்கும் வந்துச்சி. இதோ, இந்த எடம்" என்று தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினான். "அதுக்கு மேல ஆறு ஏறினதா சரித்திரமே கெடையாது."

அவன் முகத்தில் கள்ளம் இல்லை. பத்து ஆடி அந்தக் கோட்டுக்கு வண்ணம் கொடுத்துக் கொடுத்து அவன் அதை நம்பிவிட்டிருந்தான். அவன் நம்புகிறான் என்றால் ஒருவேளை தனக்குத்தான் தப்பாக நினைவிருக்கிறதோ? குழாயைப் பிடித்தது வேறு வருஷமோ? அவள் யோசித்துக்கொண்டே நின்றாள். மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. யாரும் அவளுக்காகக் காத்திருக்கவில்லை.

"சாமி சுவத்துல போய் யாராவது பொய் எழுதுவாங்களா?" என்றாள் வஜீஹா.

கதிரேசனும் தங்கவேலும் போர்வையில் ஊஞ்சல் மாதிரி கட்டிச் சமத்தைப் பரணில் ஏற்றினார்கள். விழுந்துபோன வலது காலைத் தேவானை தாங்கிப் பிடித்து மேலே தள்ளினாள். கால் ஈர மணல் மூட்டை மாதிரி இருந்தது.

"மேல வந்ததும் நல்லாத்தான் கீது. கவர்னர் பங்களா மாதிரி" என்றார் சமத், மூச்சு வாங்க. "இங்கேர்ந்து பாத்தா ஒங்க மண்டை வழுக்கை எல்லாம் தெரியுதுடா நைனா."

ஆறு மணிக்கு மின்சாரம் போயிற்று. ஏழு மணிக்கு வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் தேவானையின் வீட்டுக்குள் வந்தது. சத்தமில்லாமல் வந்தது. பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டபோதுதான் தெரிந்தது. அரிசி டின்னை அலமாரியின் மேல் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு வந்துவிட்டது.

தங்கவேல் வீட்டு நடுவில் அப்படியே நின்றான். குனிந்து, இருட்டில் கையால் தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தான். தண்ணீரின் குளிர் அவனுடைய காலுக்கு எதையோ சொல்லியிருக்க வேண்டும்.

"தேவான" என்றான். "இங்கதான நின்னுச்சி?"

அவள் அலமாரியின் மேலிருந்த செல்போனை எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

"அப்ப இங்கதான நின்னுச்சி! முட்டி வரைக்குந்தான வந்துச்சி! சொல்லேன்டி!"

"ஆமா" என்றாள். "கொழாயை நாந்தான் புடிச்சேன்."

அவன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். யாரைச் சொன்னான் என்று தெரியவில்லை. வெளியே இறங்கியபோது தண்ணீர் இடுப்பில் இருந்தது, நேராக நிற்க விடாமல் இழுத்தது. வஜீஹாவின் கதவைத் தள்ளினான். தண்ணீர் அழுத்திக் கதவு அசையவில்லை. கதிரேசன் தன் தளத்திலிருந்து புடவையை முறுக்கித் தொங்கவிட்டு அவனையும் பின்னாலேயே வந்த தேவானையையும் மேலே இழுத்தான். அங்கிருந்து வஜீஹாவின் கூரைக்குக் கால் எட்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்.

கதிரேசன் அம்மிக்குழவியால் ஷீட்டை உடைத்தான். தேவானை செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். ஓட்டைக்குள் முதலில் தெரிந்தது வஜீஹாவின் தூக்கிய கைகளும் அதன் மேல் குழந்தையும். அவர்கள் மேலே ஏறி உடைப்பதற்குள் பரணின் மேலேயே தண்ணீர் ஒரு சாண் நின்றது. கோட்டை அது எப்போதோ தாண்டியிருந்தது.

"மாமாவ மொதல்ல எடுங்க" என்று வஜீஹா கத்தினாள்.

"புள்ளைய எடுங்கடா" என்றார் சமத். "அப்பறம் மருமவள எடுங்க. என்ன எடுக்கறதுக்குக் கிரேன்தான் வரணும்."

குழந்தையை எடுத்தார்கள். வஜீஹாவை எடுத்தார்கள்; ஷீட்டின் விளிம்பு அவள் முதுகைக் கிழித்தது. பிறகு தங்கவேல் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டான். சமத்தால் தூக்க முடிந்தது இடது கை ஒன்றைத்தான். அதைப் பிடித்து அவனும் கதிரேசனும் இழுத்தார்கள். கை மட்டும் தோள் வரைக்கும் ஓட்டைக்கு மேலே வந்தது. அதற்கு மேல் அந்த விழுந்த பாதி வரவில்லை. ஓட்டையைப் பெரிதாக்கக் கதிரேசன் குழவியை ஓங்கினால் துண்டுகள் அவர் முகத்தில் விழுந்தன. தங்கவேலின் கீழே இருந்த ஷீட்டும் விரிசல் விட ஆரம்பித்தது.

தண்ணீர் அவர் தாடையைத் தொட்டபோது சமத் பேசுவதை நிறுத்தினார். ஏதோ ஓதுகிறார் என்பது உதட்டில் தெரிந்தது. தங்கவேல் கையை விடவில்லை. தேவானையும் வெளிச்சத்தை எடுக்கவில்லை. எடுத்தால் இருட்டில் போவாரே என்று. வெகுநேரம் கழித்துக் கதிரேசன்தான், "அண்ணே, போதும்ண்ணே, உட்டுடு" என்று அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

மறுநாள் மத்தியானம் மீனவர்கள் படகு கொண்டுவந்து அவர்களைத் தளத்திலிருந்து இறக்கி, பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். அன்றைக்கும் அதற்கு அடுத்த நாளும் தங்கவேல் கிழிந்த உள்ளங்கையோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். வஜீஹா ஒரு பெஞ்சின் மேல் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் அவள் ஒன்றையே சொன்னாள்: "கோட்டுக்கு மேல வராதுன்னு நெனச்சேன். நாந்தான் பரண்ல ஏத்தச் சொன்னேன். அவுரு புள்ளைக்கு நா இன்னா பதில் சொல்லுவேன்?"

இரண்டு நாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்த தேவானை, வியாழக்கிழமை சாயங்காலம், யாரோ கொடுத்த டீயை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டல், குழாய், அதிகாரி, கோயில் சுவர் என்று வரிசையாகச் சொன்னாள். குரலைத் தாழ்த்தவில்லை. பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கதிரேசன் தலையைக் குனிந்துகொண்டான். அன்றைக்கு ஈர வண்டலை வாளியில் அள்ளி வந்தவர்களில் அவனும் ஒருத்தன். அவனுக்கும் அது அப்போதுதான் ஞாபகம் வந்ததோ என்னவோ.

வஜீஹா முழுக்கக் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவர் காலப் புடிச்சி மேல ஏத்துனியே. அப்பத் தெரியுமா?"

மைதானத்தில் சாப்பாட்டு வண்டி வந்து, வரிசை நின்று, வரிசை கலைந்தது.

"தெரியும்" என்றாள். "தெரியாதுன்னு நெனச்சிக்கினேன்."

வஜீஹா டீயைத் தொடவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து அடுத்த அறைக்குப் போனாள்.

அப்துல் சமத்தை ராயப்பேட்டையில் அடக்கம் செய்தார்கள். வஜீஹாவின் புருஷன் சனிக்கிழமை வந்து சேர்ந்தான். அவளையும் குழந்தையையும் பெங்களூருக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டான். தேவானை அவளை மறுபடி பார்க்கவில்லை. கோயில் சந்தை அடுத்த வருஷம் இடித்தார்கள். பட்டியலில் இருந்த எல்லோருக்கும் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தார்கள், யார் பெயரும் விடுபடவில்லை. கதிரேசனின் ஆட்டோ வெள்ளத்தோடு போயிற்று. அங்கே ஒரு ஐ.டி. கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக இருக்கிறான். தங்கவேல் அதற்கப்புறம் பெயிண்ட் வேலைக்குப் போகவில்லை. 2019-ல் நுரையீரல் நோயில் இறந்தான். தேவானை ஏழாவது மாடியில் தனியாக இருக்கிறாள். காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, ஆழ்வார்பேட்டைக்கு வேலைக்குப் போய் வருகிறாள்.