ராகு காலத்தில் திறந்த கடை

இரண்டு பெண்டாட்டிக்காரன் பாடு என்னவென்று ரம்யாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே தெரிந்துபோயிற்று. புதுச்சேரியில் பழம்பொருள் விற்கும் ஓர் அண்ணனுக்கும் தங்கைக்கும் வெப்சைட் கட்டிக்கொடுக்க ஒப்புக்கொண்டாள் அல்லவா, அதன் பலன்.

தங்கள் அப்பா இறந்ததும் கடையைப் பிரித்துக்கொண்டவர்கள் அந்த இளவரசனும் அம்சவள்ளியும். ஈட்டிமர ஊஞ்சல், பெல்ஜியம் கண்ணாடி, தேக்குத் தூண் என்று பெரும் பணக்காரர்கள் மட்டுமே விலை கேட்கத் துணியும் சாமான்கள். ஆளுக்கொரு கடை, ஆளுக்கொரு வெப்சைட். விற்கிற சாமானைவிட வெப்சைட் பழசோ என்று ரம்யாவுக்குச் சந்தேகம். இப்போது இருவரும் ராசியாகி, கடையையும் வெப்சைட்டையும் ஒன்றாக்கச் சொன்னார்கள். கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக் கடையின் மாடியறையில் உட்கார்ந்து மாதக்கணக்கில் அதைத்தான் செய்தாள். அண்ணன் கடையில் ஊஞ்சலுக்கு இருந்த அதே நம்பர் தங்கை கடையில் குத்துவிளக்குக்கு. சேர்த்த முதல் நாள், ஊஞ்சல் படத்துக்குக் கீழே ‘ஐந்து முகம், எண்ணெய் ஒழுகாது’ என்று வந்து நின்றது.

அதையெல்லாம் சரிபண்ணிவிட்டாள். சரிபண்ண முடியாமல் போனது திறப்பு நாளைத்தான். அண்ணனுக்கு ஒரு ஜோசியர், தங்கைக்கு ஒரு ஜோசியர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியே இரண்டு பேர். ஒருவர் குறித்த நாள் இன்னொருவர் கணக்கில் சந்திராஷ்டமம். திறப்பு தள்ளிப்போன ஒவ்வொரு முறையும் ரம்யா தன் அப்பாவின் கண் ஆபரேஷனையும் தள்ளிப்போட்டாள். திறக்கிற அன்று கம்ப்யூட்டரைவிட்டு நகர முடியாது. அப்பாவைக் கூட்டிப்போகவோ அவளைவிட்டால் ஆள் கிடையாது.

அப்பா வீரமுத்து நைனார்பாளையத்தில் குத்தகை நிலத்தில் மரவள்ளி போட்டிருந்தார். இரண்டு கண்ணிலும் புரை.

“கல்வராயன் மல எங்க இருக்குதுன்னே தெர்லம்மா. மேகம் ஏறுதான்னு பக்கத்துக் கழனிக்காரன கேட்டுக்கினு இருக்கேன்” என்பார்.

ஆபரேஷன் என்றாலே அவருக்கு உதறல். ரம்யாவின் அம்மா அப்படி உள்ளே போய்த் திரும்பாதவள். “கதவாண்ட வரைக்கும் நீ கைய புடிச்சிக்கினு வா. வேற இன்னாவும் எனக்கு வேணாம்” என்று ஒன்றே ஒன்று மட்டும் கேட்டிருந்தார்.

இனியும் தள்ளினால் பார்வைக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சத்தம் போட்டு, புதன்கிழமை காலை வரச்சொன்னார். அவர் அப்படிச் சொன்ன அன்று சாயங்காலமே அம்சவள்ளி போன் செய்தாள். இரண்டு ஜோசியரும் ஒத்துப்போய்விட்டார்களாம். புதன்கிழமை, காலை பத்தரை.

ரம்யா சிரித்துவிட்டாள். அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

“மேடம், அன்னிக்கு எங்கப்பாவுக்குக் கண் ஆபரேஷன்.”

“அடடா, நல்ல நாள்லதான் வச்சிருக்காங்க. நீ ஆஸ்பத்திரியிலேருந்தே தொறந்துடேம்மா.”

நாள் செய்வது நல்லார் செய்யார் என்பது பழமொழி. நாளும் செய்யாததைத் திருட்டுத்தனம்தான் செய்யவேண்டும் என்று ரம்யா முடிவு கட்டினாள். புதுக் கடையை முதல் நாளே திறந்துவிடுவது. உலகம் முழுக்கத் தெரியவர எப்படியும் சில மணி நேரம் பிடிக்கும். அதற்குள் உடைசலைப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். அண்ணனும் தங்கையும் மறுநாள் அமுக்குவதற்குத் தனியாக ஒரு பட்டன். அமுக்கினால் திரையில் பூ கொட்டும், மணி அடிக்கும், வேறொன்றும் நடக்காது.

செவ்வாய்க்கிழமை மூன்று மணி தாண்டித்தான் எல்லாம் தயாரானது. சுத்தமான ராகு காலம். அவளுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, இருந்தும் கைக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அப்பாவை அழைத்துவர நைனார்பாளையம் பஸ் பிடிக்கவேண்டும். சாமி மேல் பாரத்தைப் போட்டுத் திறந்துவிட்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அப்பா அவள் கையை விடவேயில்லை. கண்ணில் சொட்டு மருந்து விட்டு பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். நர்ஸ் தனுஷா ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து அம்சவள்ளியின் போன்.

“ரம்யா, அண்ணன் பட்டன அமுக்குனாரு, பூ கொட்டுச்சு. உள்ள பாத்தா ஒரு ஆர்டர் நிக்கிது! ஈட்டிமர ஊஞ்சல், ஸ்விட்சர்லாந்துலேருந்து. எல்லாம் நேரத்தோட மகிமைன்னு குதிக்கிறாரு.” குரல் சட்டென்று தாழ்ந்தது. “ஆனா நேத்து நாலு மணின்னு போட்டிருக்குதும்மா. நேத்து நாலு மணி ராகு காலம்.”

ரம்யாவும் குரலைத் தாழ்த்தினாள். “மன்னிச்சிடுங்க மேடம். எனக்கு வேற வழி தெரியல.”

“அத அப்பறம் பேசிக்கலாம். அவரு பாத்தாருன்னா கடையத் திரும்பப் பிரிச்சிடுவாரு. பதினோரு வருசம் பேசாம இருந்த மனுசன், இப்பதான் என் கையால காப்பி வாங்கிக் குடிக்கிறாரு. அந்த நேரத்த மாத்திடு. இப்பவே. மூக்குக் கண்ணாடி எடுக்கப் போயிருக்காரு.”

அந்தக் குரலில் முதலாளித்தனம் துளிகூட இல்லை. ரம்யாவுக்கு மனசு கேட்கவில்லை.

“ஒரு நிமிசம்ப்பா” என்று கையை உருவிக்கொண்டாள். போனின் சின்னத் திரையில் பாஸ்வேர்டு அடித்தாள். தப்பு என்றது. மறுபடி அடித்தாள். சிக்னல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆர்டரைத் தேடிப் பிடித்து, செவ்வாயைப் புதனாக்கினாள், நாலு மணியைப் பத்தே முக்கால் ஆக்கினாள். சேமித்தாள். போனில் இளவரசனின் சிரிப்பு சத்தமாகக் கேட்டது. “பாத்தியா, நான் சொல்லல?”

அப்பாடா என்று போனை வைத்துவிட்டு, அப்பாவின் கையைப் பிடிக்கப் பக்கத்தில் துழாவினாள். பெஞ்சு காலியாக இருந்தது. கீழே அவருடைய செருப்பு மட்டும் கிடந்தது. எதிரே ஆபரேஷன் அறைக் கதவு சாத்தியிருந்தது.

“அவரு அப்பவே உள்ள போய்ட்டாருக்கா” என்றாள் தனுஷா. “பேர் கூப்ட்டப்ப நீங்க போன்ல இருந்தீங்க. தட்டிச் சொல்லட்டுமான்னு கேட்டேன். வேணாம்மா, புள்ள வேலையா இருக்குதுன்னு சொல்லிட்டு, செவுத்தப் புடிச்சிக்கினு அவராவே போனாரு.”